விளக்கொளியிற் படம் பிடிக்க ஏற்ற வில்லை

நமது குடாநாட்டு வாழ்விற் படம் பிடித்து வைக்கத்தக்கவை பலவும் பொழுது சாய்ந்த பின்னரே நிகழ்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் உற்சவத்தில் 23 ஆம் நாள் மாலை வரும் சப்பறத் திருவிழா, ஊர்க் கோயில் வெளிகளில் இரவிரவாக ஆடப்பெறும் காத்தவராயன் கூத்து, கார்த்திகை விளக்கீட்டன்று வளவெங்கும் நாட்டப்பெறும் பந்தங்கள், திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கைதோறும் வரும் அடியார் கூட்டம், குருநகர்க் கரையில் இருள் பிரியுமுன் வந்தடையும் வள்ளங்கள் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் நண்பகல் வெயிலில் நிகழ்வதன்று.

இக்காலத்திற் கமரா இல்லாத வீடு அரிது. ஆயினும் கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண சூம் வில்லை பகலொளியை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது. இரவில் அது திணறும். உடனே பிளாஷ் வெளிச்சத்தை நாடுகிறோம். எந்த விளக்கின் ஒளியைப் பதிய விரும்பினோமோ அந்த ஒளி பிளாஷ் மின்னிய கணமே அழிந்துபோகின்றது. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும்; பின்புலம் கரியாகும்; கூத்தாடுபவர் கண் கூசித் தாளந் தவறினும் வியப்பதற்கில்லை. கைத்தொலைபேசியோ பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாகக் கலந்து இருளை நீக்கிக் காட்டும். அசையாத பொருளுக்கு அது போதும். ஆடுபவருக்கும் அழும் குழந்தைக்கும் அது போதாது. அதுவன்றி, நெய்விளக்கின் பொன்னிறத்தைத் தன் விருப்பப்படி வெளுப்பாக்கியும் விடும்.

துவாரம் பெரிதான, குவியத்தூரம் மாறாத, கையாற் குவியப்படுத்தும் ஒரு வில்லை இருப்பின் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். இவ்வகை வில்லைகளை ஆங்கிலத்தில் விரைவு வில்லைகள் என வழங்குவர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர் ஊருக்கு வரும்போது, மருமகனுக்கோ கல்லூரிப் பிள்ளைகளுக்கோ ஒரு நல்ல வில்லை கொண்டுவர எண்ணி, எதனை வாங்குவது என்று வினவுவதுண்டு. விளம்பரங்களைப் பார்த்தால் யாவும் சிறந்தனவாகவே தோன்றும். ஆகவே தெரிவு செய்யும் வகையை இம்மலரிற் சற்று விரிவாக எடுத்துரைத்தல் பயன்தரும் என எண்ணுகின்றேன்.

முதலில் எண்களைத் தெளிந்துகொள்வோம். பௌதிகவியல் பயின்றோர்க்கு இது கடினமன்று. வில்லையின் குவியத்தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையின் துவாரம் 25 மில்லிமீற்றர் விட்டமுடையதாயின் அதன் எஃப் எண் 2. விட்டம் ஏறத்தாழ 36 மில்லிமீற்றராயின் 1.4. எண் சிறுக்கத் துவாரம் பெருகும். உட்புகும் ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், எஃப் 1.4 வில்லை எஃப் 2 வில்லையைப் போல் இரு மடங்கு ஒளியையும், எஃப் 2.8 வில்லையைப் போல் நான்கு மடங்கையும், எஃப் 5.6 வில்லையைப் போல் 16 மடங்கையும் ஏற்கும். ஒளி மிகுதியாகப் புகுவதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். விரைவு வில்லை என்னும் பெயர் வந்ததும் இதனாலேயே.

இது நடைமுறையில் எவ்வளவு வேறுபாட்டை விளைக்கும் என்று பார்ப்போம். விளக்கின் அருகே அமர்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைப் படம் பிடிப்பதாகக் கொள்க. கமராவின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 1600 என வைத்தால், எஃப் 1.4 வில்லைக்கு ஏறத்தாழ 125 இல் ஒரு பங்கு வினாடி போதும். சாதாரண சூம் வில்லையை 55 மில்லிமீற்றருக்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். அதற்கு எட்டில் ஒரு பங்கு வினாடி வேண்டும். எட்டில் ஒரு பங்கு வினாடிக்குள் பாட்டி ஒருமுறை கண்ணிமைப்பார். கமரா பிடித்த கை நடுங்கும். தீச்சுடரும் ஒருமுறை சாய்ந்து நிமிரும். படம் கலங்கிப் போகும். கமராவினுள்ளே அதிர்வு தணிக்கும் பொறி உண்டே என்று சிலர் கூறுவர். அது கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றி, எதிரே இருப்பவரின் அசைவைத் தணிக்காது.

இனி, குவியத்தூரம் பற்றியது. வில்லை வாங்குவோர் பெரும்பாலும் எஃப் எண்ணையே முதலிற் பார்க்கின்றனர். அது தலைகீழான முறை என்பது என் கருத்து. நாம் எங்கே நின்று படம் பிடிக்கப்போகின்றோம் என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். சூம் வில்லையில் நிற்குமிடத்தை மாற்றாது காட்சியை விரிக்கலாம், சுருக்கலாம். குவியத்தூரம் மாறாத வில்லையில் அவ்வாறு செய்யவியலாது. நம் கால்களே நகரவேண்டும். நல்லூர் வீதியிற் சப்பறத்தன்று கால்களை நகர்த்த இடமேது? அடியார் நெருக்கத்தின் நடுவே நின்று, பத்தடி தூரத்தில் வருவோரையும் அவர்தம் பின்னே உயர்ந்து வரும் சப்பறத்தையும் ஒருசேரப் பிடிக்க 35 மில்லிமீற்றர் வில்லையே ஏற்றது. (கோயிலினுள்ளே படம் பிடிக்க அனுமதியில்லை, அது முறையேயாகும். ஈண்டுக் கூறுவன யாவும் வெளிவீதிக்கே பொருந்தும்.) கூத்துக் களரியில் முன்வரிசையில் நிலத்தில் அமர்ந்திருப்போர்க்கு 50 மில்லிமீற்றர் பொருந்தும், சற்றுப் பின்னே இருந்து காத்தானின் முகபாவத்தை மட்டும் பிடிக்க விரும்புவோர்க்கு 85 மில்லிமீற்றர். வீட்டினுள்ளே, சாமியறையிலும் அடுக்களையிலும், 85 மில்லிமீற்றர் வில்லையோடு பின்னே போகப்போகச் சுவர்தான் முதுகில் முட்டும்.

இவ்வளவுகள் யாவும் 36க்கு 24 மில்லிமீற்றர் பரப்புள்ள முழு அளவு உணரிக்குரியன. மாணவர் கையிலுள்ள கமராக்கள் பலவற்றில் உணரி அதனினும் சிறியது, ஏ.பி.எஸ்.-சி எனப்படுவது. அவற்றிற் காட்சி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு குறுகும். 50 மில்லிமீற்றர் வில்லை அவற்றில் 75 மில்லிமீற்றர் போலவும், 35 மில்லிமீற்றர் வில்லை 52 மில்லிமீற்றர் போலவும் தொழிற்படும். இதனை அறியாது, எல்லோரும் புகழ்கின்றார்களே என்று 50 மில்லிமீற்றரை வாங்கிவிட்டு, வீட்டினுள் ஒருவரையும் முழுமையாகப் பிடிக்க முடியவில்லையே என வருந்துவோர் பலர்.

எனினும் 50 மில்லிமீற்றருக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அதன் விலை குறைவு. இதற்குக் காரணம் ஒளியியலிலே உள்ளது. 1896 ஆம் ஆண்டில் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பவுல் ருடோல்ப் பிளானர் என்னும் வில்லையை வடித்தார். துவாரத்தின் இருபுறமும் கண்ணாடிகள் ஒன்றையொன்று எதிரொத்து நிற்கும் அமைப்பு அது. எதிரொத்து நிற்பதால் ஒருபுறத்துப் பிழையை மறுபுறம் பெரிதும் சமன் செய்துவிடும். கணித மேதை கௌஸின் பெயரால் இரட்டைக் கௌஸ் அமைப்பு என வழங்கப்படும் இவ்வகையிலேயே பின்னர் வந்த 50 மில்லிமீற்றர் விரைவு வில்லைகளிற் பெரும்பாலானவை உருவாகின. எஸ்.எல்.ஆர். கமராவினுள்ளே ஆடும் கண்ணாடிக்கு இடம்விட்டு வில்லையை முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. 50, 55, 58 மில்லிமீற்றர் வில்லைகளுக்கு அவ்விடைவெளி தடையாகவில்லை. 35 மில்லிமீற்றருக்கோ தடையாயிற்று. அதற்கென முன்புறம் வேறு கண்ணாடிகளைச் சேர்த்து அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடிகள் கூடின, பாரம் கூடிற்று, விலையும் கூடிற்று. அக்காலத்து எஸ்.எல்.ஆர். கமராக்களிற் பெரும்பாலானவை 50 மில்லிமீற்றர் வில்லையோடேயே விற்கப்பட்டமையால், அவை உலகெங்கும் இன்றும் மலிந்து கிடக்கின்றன.

எவ்வளவு விரைவு போதும் என்பதே அடுத்த வினா. இங்கேதான் பணம் வீணாகின்றது. எஃப் 1.8 இலிருந்து எஃப் 1.4 இற்குச் சென்றால் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலும் சற்று மிகும். எஃப் 1.4 இலிருந்து எஃப் 1.2 இற்குச் சென்றால் மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே கூடும். விலையோ பன்மடங்காகும், பாரமும் மிகும். கனன் நிறுவனம் 1961 இல் எஃப் 0.95 வில்லையொன்றை வெளியிட்டது. இன்று அதே எண் பொறித்த வில்லைகளைச் சீன நிறுவனங்கள் மலிவாகவே செய்கின்றன. எண் கவர்ச்சியானதுதான். ஆனால் துவாரம் பெருகப் பெருகத் தெளிவாக விழும் ஆழம் குறுகும் என்பதை மறத்தலாகாது.

முழு அளவு உணரியில், 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.4 இல் திறந்து இரண்டு மீற்றரில் நிற்பவரைக் குவியப்படுத்தினால், தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். எஃப் 2 இல் அது 19 ஆகும். ஒரு மீற்றருக்கு நெருங்கிச் சென்றாலோ எஃப் 1.4 இல் மூன்று சென்ரிமீற்றரளவே எஞ்சும். கண் தெளிந்தால் காது கலங்கும். 85 மில்லிமீற்றர் எஃப் 1.4 வில்லைக்கு இரண்டு மீற்றரிலேயே ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லை. 35 மில்லிமீற்றர் எஃப் 1.4 இல் அதே தூரத்தில் 27 சென்ரிமீற்றர் கிடைக்கும். கையாற் குவியப்படுத்தப் பழகுவோர்க்கு 35 மில்லிமீற்றர் மிகுந்த பொறுமையுள்ள ஆசிரியர் எனலாம்.

இவ்விடர் பெரியோரையும் விட்டதில்லை. ஸ்ரான்லி குப்ரிக் என்னும் திரைப்பட நெறியாளர் 1975 இல் வெளிவந்த பரி லிண்டன் படத்தில் மெழுகுதிரி ஒளியிலேயே சில காட்சிகளைப் பிடித்தார். அதற்கு அவர் கையாண்டது, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்கென சைஸ் செய்த 50 மில்லிமீற்றர் எஃப் 0.7 பிளானர் வில்லை. உலகிற் பத்தே செய்யப்பட்ட அவ்வில்லைகளில் மூன்று குப்ரிக்கிடம் இருந்தன. ஒளி போதியதாயிற்று, ஆனால் ஆழம் மிகக் குறுகியதால் நடிகர்கள் பெரும்பாலும் அசையாது அமர்ந்தே உரையாட நேர்ந்தது. நம் நாட்டில் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து தமிழ்நாட்டில் ஒளிப்பதிவாளராகவும் நெறியாளராகவும் புகழ்பெற்று 2014 இல் மறைந்த பாலு மகேந்திரா, இருக்கின்ற ஒளியை மதித்துப் படம் பிடிப்பதிற் பெயர் பெற்றவர். அவருடைய மூன்றாம் பிறை (1982) படத்தைப் பார்ப்போர், மங்கிய ஒளி எவ்வாறு ஒரு முகத்துக்கு உயிரூட்டுகின்றது என்பதை உணர்வர். அதற்கு எண்ணிலும் கண்ணே முக்கியமானது.

என் கணிப்பில், நம் தேவைக்கு எஃப் 1.4 முதல் எஃப் 2 வரையிலான எதுவும் போதும். எஃப் 2 வில்லையும் சாதாரண சூமைப் போல் எட்டு மடங்கு ஒளியைத் தரும் என்பதை நினைவிற் கொள்க.

தானாகவே குவியப்படுத்தும் வில்லைகள் மலிந்த இக்காலத்திற் கையாற் குவியப்படுத்துவது ஏன் என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வியே. பகலில் ஓடும் பிள்ளைகளைப் பிடிக்கத் தானியங்கு வில்லையே சிறந்தது; அதில் வாதமில்லை. ஆனால் இருளில் அப்பொறி அலைந்து தடுமாறும். பந்தத்தின் புகையூடே ஆடுபவர் முகத்தை விட்டு, முன்னே தொங்கும் மின்குமிழைப் பற்றிக்கொள்ளும். கையாற் குவியப்படுத்துவோன், கூத்தன் எந்த இடத்துக்குத் திரும்பி வருவான் என்பதைத் தாளத்தால் அறிந்து, அவ்விடத்தில் முன்னரே குவியத்தை வைத்துக் காத்திருக்கலாம். திரைப்படத்துறையில் இன்றும் குவியத்தைக் கையால் நகர்த்துவதற்கென்றே ஓர் உதவியாளர் அமர்த்தப்படுவது இதனாலேயே. அதுவன்றி, தானியங்கு வில்லைகளின் வளையம் சிறிது தொட்டாலும் நெடுந்தூரம் ஓடிவிடும். பழைய கைவில்லைகளின் வளையமோ எண்ணெயிட்ட செக்கைப்போல் நிதானமாகச் சுழலும். தூர அளவுகளும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

நம்மவர்க்கு மற்றுமொரு காரணமும் நினைவுக்கு வரும். 1990 இன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு, அவ்வெளிச்சத்திற் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இம்மலரைப் படிப்போரிற் பலர். அக்காலத்திற் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. மின்னாற் குவியப்படுத்தும் கமரா பற்றரியின்றி வெறும் பெட்டி. முழுதும் பொறிமுறையால் இயங்கும் கமராவும் கைவில்லையும் பற்றரி இல்லாமலே படம் பிடிக்கும். ஜாம் போத்தல் விளக்கின் முன் அமர்ந்து படித்த பிள்ளைகளின் முகங்களை அவ்விளக்கொளியிலேயே பதிந்த படங்கள் இன்று எத்தனை வீடுகளில் இருக்கின்றன? இருந்தவற்றிலும் பல, 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அல்பங்களோடு போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமையை நாம் எந்நாளும் பேசுகின்றோம். வீட்டு அலுமாரிகளில் அழிந்த சிறு நூலகங்களைப் பேசுவதில்லை.

நிற்க. தெரிந்தெடுத்த வில்லை கையிலுள்ள கமராவுக்குப் பொருந்துமா என்பதை அடுத்து ஆராய வேண்டும். ஒவ்வொரு கமராவிலும் வில்லையின் வாய்க்கும் உணரிக்கும் இடையே வரையறுத்த தூரம் ஒன்றுண்டு. நிக்கொன் எஸ்.எல்.ஆர். கமராவில் அது 46.5 மில்லிமீற்றர், கனன் இ.ஓ.எஸ். எஸ்.எல்.ஆரில் 44, பென்ராக்ஸ் முதலிய நிறுவனங்கள் முன்னாளிற் கையாண்ட 42 மில்லிமீற்றர்த் திருகு வாயில் ஏறத்தாழ 45.5, கனனின் பழைய எஃப்.டி. வாயில் 42. கண்ணாடியற்ற இக்காலத்து மிறர்லெஸ் கமராக்களில் இது மிகக் குறைவு. சொனியில் 18, நிக்கொன் இசெட்டில் 16. ஆகவே பழைய வில்லை எதனையும் மிறர்லெஸ் கமராவிற் பொருத்தலாம். எஞ்சிய தூரத்தை நிரப்ப உள்ளே கண்ணாடி இல்லாத ஒரு வெற்றுக் குழாயே போதும். அடப்டர் எனப்படும் இக்குழாய் விலை குறைந்தது. எஸ்.எல்.ஆர். வைத்திருப்போர்க்கு இவ்வசதி இல்லை. திருகுவாய் வில்லையைக் கனன் எஸ்.எல்.ஆரில் மெல்லிய வளையம் கொண்டு பொருத்தலாம். நிக்கொனிற் பொருத்தினால் தொலைவிலுள்ளவை தெளியா. எஃப்.டி. வில்லை கனனுக்குரியதேயாயினும் பிற்காலக் கனன் எஸ்.எல்.ஆரில் அதற்கும் அதே குறை. நிக்கொன் மட்டும் 1959 இல் வகுத்த வாயைத் தன் எஸ்.எல்.ஆர். கமராக்களில் விடாது வைத்திருந்தது. ஆயினும் 1977 இற்கு முற்பட்ட வில்லைகள் பிற்காலக் கமராக்கள் சிலவற்றின் வாயைச் சேதப்படுத்தக்கூடும். விலை குறைந்த நிக்கொன் எஸ்.எல்.ஆர். கமராக்களில் பழைய வில்லை பொருந்தினும் ஒளி அளக்கப்படாது.

குவியம் சரியாக அமைந்ததா என்று காண்பதிலும் மிறர்லெஸ் கமராவே மேலானது. விரும்பிய இடத்தைப் பெருப்பித்துப் பார்க்கலாம். தெளிந்த ஓரங்களை நிறத்தாற் காட்டும் பீக்கிங் என்னும் வசதியும் உண்டு. பழைய பிலிம் எஸ்.எல்.ஆர். கமராக்களில் நடுவே பிளந்த உருவத்தை ஒன்றுசேர்க்கும் கண்ணாடி இருந்தது. பிற்காலத்துத் தானியங்கு எஸ்.எல்.ஆரில் அது நீக்கப்பட்டது. அவற்றின் திரையில் எஃப் 1.4 இன் ஆழம் உள்ளபடி தோன்றாது, ஏறத்தாழ எஃப் 2.8 இற்குரிய ஆழமே தோன்றும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது படத்திற் கலங்கியிருப்பதன் மருமம் இதுவே.

விரைவு வில்லைகளின் இயல்பான குறைகளையும் அறிந்து வாங்குதல் நன்று. முழுதுந் திறந்த நிலையில் பழைய வில்லைகள் பிம்பத்தின்மீது மெல்லிய பனிபோன்ற ஒளியைப் படரவிடும். முதியோர் முகத்துக்கு அது அழகென்பாரும் உளர், யானும் அக்கட்சியினனே. வேறொரு குறை நம் திருவிழாக்களில் வெளிப்படையாகத் தோன்றும். படத்தின் மூலைகளில் விழும் விளக்குகள் புள்ளியாக அமையாது பறவை சிறகு விரித்தாற்போல் இழுபடும். வாலுரு என்று கூறத்தக்க இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே நிக்கொன் 1977 இல் நொக்ற் என்னும் 58 மில்லிமீற்றர் எஃப் 1.2 வில்லையை, கோளமல்லாத வளைபரப்போடு செய்தது. அதன் விலை நமக்கு எட்டாது. மலிவான பரிகாரம் உண்டு: அலங்கார மின்குமிழ்கள் நிறைந்த காட்சியில் துவாரத்தை எஃப் 2.8 இற்குக் குறைத்தாற் சிறகுகள் பெரும்பாலும் மடங்கும். அங்கு வெளிச்சத்துக்குக் குறைவிராதாகையால் நட்டமில்லை.

பழைய வில்லை வாங்குவோர் தவறாது செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. இருண்ட அறையில் ரோச் லைற்றை வில்லையின் பின்புறம் பிடித்து, முன்புறத்தால் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் மாற்றிப் பிடித்தும் பார்த்தல் வேண்டும். சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரியின் அது பூஞ்சணம். அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும். வேறு எக்குறையைப் பொறுத்தாலும் இதனைப் பொறுத்தலாகாது. மழைகாலத்தில் ஈரங்கனத்த நம் காற்றில் அது தழைத்து வளரும். உள்ளே வெண்ணிறப் புகைபோற் படர்ந்திருத்தலும், துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருத்தலும் திருத்தக்கூடிய குறைகளே. ஆயினும் திருத்துவோரைத் தேடி அலைய வேண்டிவரும். சிறு தூசிகள் சிலவும், முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றும் படத்தைப் பாதியா. விலையைக் குறைக்கவே உதவும். கண்ணாடி மஞ்சளித்த வில்லைகளும் உள. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வந்த சில வில்லைகளில், பென்ராக்ஸ் தக்குமார் 50 மில்லிமீற்றர் எஃப் 1.4 இன் ஏழு கண்ணாடி வகை உட்பட, தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது காலப்போக்கில் மஞ்சளிக்கும். சில நாள்கள் வெயிலில் வைத்தால் நிறம் நீங்கும்; நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் வெயில் படும் வில்லை எதிரேயுள்ள பொருளைச் சுட்டு எரிக்கும் ஆகையாற் பின்மூடியை இட்டு, கருகக்கூடியவற்றை அகற்றி வைத்தல் வேண்டும். கதிர்வீச்சு மிகச் சிறிது. சட்டைப்பையிற் போட்டுத் திரியாதிருந்தாற் போதும்.

பெயர் குறித்துச் சொல்லுமாறு கேட்போர்க்கு: மிறர்லெஸ் கமரா உடையோர், பழைய கனன் எஃப்.டி. 50 மில்லிமீற்றர் எஃப் 1.4, ஒலிம்பஸ் சுயிக்கோ 50 மில்லிமீற்றர் எஃப் 1.8, மேற்சொன்ன தக்குமார் ஆகியவற்றுள் சுத்தமாகக் கிடைப்பது எதுவோ அதனை வாங்கலாம். சைஸின் பயோற்றார் வடிவத்தைத் தழுவிச் சோவியத் நாட்டிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கெலியோஸ் 58 மில்லிமீற்றர் எஃப் 2 வில்லை பின்புலத்தைச் சுழல்போற் கலங்கச் செய்யும். ஒருமுறை பார்க்க இனிமையே, ஆயினும் கோபுரம் சுழன்றால் எனக்குத் தலை சுற்றுகின்றது. நிக்கொன் எஸ்.எல்.ஆர். உடையோர்க்கு 1977 இன் பின்னர் வந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 போதும். சிறிய உணரியுள்ள கமராவுக்குப் பழைய 35 மில்லிமீற்றர் விரைவு வில்லை தேடுவது வீண் செலவு. அதற்குமட்டும் சீன நிறுவனங்கள் புதிதாகச் செய்யும் 35 மில்லிமீற்றர் வில்லைகளில் ஒன்றை வாங்குதலே சிக்கனம். பணம் பொருட்டல்ல என்போர், யப்பானின் கொசினா நிறுவனம் வொய்க்லாந்தர் என்னும் பெயரில் இன்றும் செய்யும் நொக்ரன் கைவில்லைகளை வாங்கி மகிழ்வாராக. வெளிநாட்டு அன்பர் கல்லூரிப் பிள்ளைகளுக்கென வாங்குவதாயின், விலையுயர்ந்த வில்லை ஒன்றிலும், எஃப் 1.8 வில்லைகள் மூன்றும் அடப்டர்கள் மூன்றும் மேலானவை. மூவர் ஒரே இரவில் மூன்று ஊர்களுக்குப் போகலாம்.

வாங்கிய வில்லையைத் தோலுறையில் இட்டு அலுமாரியில் பூட்டி வைத்தலே பூஞ்சணத்தை வரவழைக்கும் வழி. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பனையோலைப் பெட்டி ஒடியலுக்கு ஏற்றது, வில்லைக்கன்று. காற்றுப்புகா மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்து, அவற்றை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீளவும் இடுதல் வேண்டும். ஈரப்பதன் காட்டும் சிறு கருவியொன்றை உள்ளே வைத்து, 40 முதல் 50 வீதத்துள் நிற்கின்றதா எனப் பார்த்தல் நன்று. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இதனை வாரந்தோறும் செய்க. வில்லையை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது இவை யாவற்றிலும் சிறந்த காப்பு.

பயிற்சிக்குச் செலவில்லை. மின்விளக்கை அணைத்து, குத்துவிளக்கை ஏற்றி, பாட்டியையோ தாத்தாவையோ இரண்டு மீற்றர் தூரத்தில் அமர்த்திப் பழைய கதை கேட்டபடியே அவர் கண்மேற் குவியத்தை வைத்துப் பழகலாம். அவர் முன்னே சாய்ந்தால் வளையத்தை எப்பக்கம் திருப்புவது என்பது விரல்களுக்கே தெரியவேண்டும். பத்து மாலைகளில் அது கைவரும். அந்தப் பத்து மாலைகளில் எடுத்த படங்களை அழித்துவிட வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், திகதி ஆகிய மூன்றையும், அன்று கேட்ட கதையின் தலைப்பையும் எழுதி, இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்திடுக.